தனித்து வாழும் தேனீக்கள்: அவற்றின் இனங்களும் இருப்பிடங்களும்

தேனீ என்ற பெயரைக் கேட்டவுடன் குடியானவர்களின் மனத்தில் தோன்றுவன அடை, தேன், கொட்டு ஆகிய மூன்றுமேயாம். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ ஆகிய ஐந்தையும் தமிழ்நாட்டில் பலரும் அறிவர். இவை யாவும் கூட்டமாக வாழ்பவை. ஆனால் இதுகாறும் உலகில் பெயரிட்டு விவரிக்கப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000-க்கு மேற்பட்டவை. இந்தியாவில் மட்டும் 700-க்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் இல்லை, வேலைக்காரரும் இல்லை, அடையும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் கூட்டைத் தானே அமைத்து, தன் குஞ்சுகளுக்குத் தானே இரை தேடி வைத்து, தனியே வாழ்ந்து மடிகிறது.

இத்தனித் தேனீக்கள் மனிதர் எடுத்துண்ணத் தக்க தேன் எதனையும் சேர்த்து வைப்பதில்லை. அக்காரணத்தாலேயே அவை எவர் கவனத்துக்கும் வாராமற் போயின. வரப்பிலுள்ள சிறு துளையை எறும்புப் புற்று என்றும், உத்திரத்தைத் துளைக்கும் கருவண்டை வீட்டுக்குக் கேடு என்றும், ரோஜா இலையை வட்டமாகக் கத்தரிக்கும் தேனீயைப் பயிர்ப்பூச்சி என்றும் கருதி அழிப்பதே வழக்கமாயிருக்கிறது. கத்தரி, துவரை, சணப்பு, பரங்கி முதலிய பயிர்களில் இவை செய்யும் வேலை இன்னதென்று அறிந்தவர் அவ்வாறு அழிக்க எளிதில் மனம் கொள்ளார்.

வாழ்க்கை முறை

பெண் தேனீ ஆணுடன் கூடியவுடன் கூடு அமைக்கத் தொடங்குகிறது. தேனீ இனங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் வளை தோண்டுபவை. எஞ்சியவை காய்ந்த தண்டு, மூங்கில், மரப்பொந்து, சுவர்த்துளை முதலியவற்றில் இடம் பிடிக்கின்றன. வளையின் உள்ளே சிறு சிறு அறைகள் அமைக்கப்படும். நிலத்தில் வாழும் இனங்கள் பல, தம் உடலில் சுரக்கும் மெழுகு போன்ற ஒரு பொருளால் அறையின் உட்சுவரைப் பூசி, மழை ஈரம் உட்புகாதவாறு செய்துகொள்கின்றன. பின்னர் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டையாக்கி அறையினுள் வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையை இட்டு, வாயிலை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்கின்றது. முட்டையினின்று வெளிவரும் புழு அவ்வுருண்டையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின் தேனீயாக வெளிவரும். பெரும்பாலான இனங்களில் தாய் தன் மக்களைக் காண்பதற்கு முன்னரே இறந்துவிடும்.

தண்டினுள் கூடமைக்கும் இனங்களில் ஒரு வியப்பான ஒழுங்கு காணப்படுகிறது. கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும், கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் பிறப்பது தேனீக்களின் இயல்பு. எதனை எங்கே இடுவது என்பது தாயின் வசத்தில் உள்ளது. ஆழ்ந்த அறைகளில் பெண் முட்டைகளையும், வாயிலை அடுத்த அறைகளில் ஆண் முட்டைகளையும் அது இடுகின்றது. முதலில் வெளிவரும் ஆண்கள், தம் பின்னே பிறக்கும் பெண்களின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் இடையூறு இதனால் இல்லாமற் போகிறது.

குடியானவர்கள் இங்கு முக்கியமாக மனத்திற்கொள்ள வேண்டியது முட்டைகளின் எண்ணிக்கையாகும். பெட்டித் தேனீயின் ராணி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட வல்லது. தனித் தேனீயோ தன் வாழ்நாள் முழுவதிலும் சாதாரணமாகப் பத்து முதல் முப்பது முட்டைகளே இடும். மருந்து தெளித்த வயலில் ஆயிரம் வேலைக்காரத் தேனீக்கள் மடிந்தாலும், ராணி உயிருடன் இருக்குமாயின் அக்கூட்டம் சில வாரங்களில் தேறிவிடக் கூடும். தனித் தேனீக்களுள் ஒரு பெண் மடிந்தால், அது கட்டவிருந்த அறைகள் அத்தனையும் அத்துடன் முடிந்தன. ஆதலின் ஒரு வரப்பிலிருந்து இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் அங்குப் பெருகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆண் தேனீக்களுக்குக் கொடுக்கு இல்லை. பெண்ணுக்கு உண்டெனினும், காக்க வேண்டிய தேனும் கூட்டமும் இல்லாமையால் கையில் பிடித்து நசுக்கினாலன்றி அது கொட்டுவது அரிது. இக்காரணம் பற்றிப் பிள்ளைகள் நடமாடும் இடங்களில் இவற்றின் கூடுகளை இருக்கவிடத் தயங்க வேண்டுவதில்லை.

குளவியினின்றும் பிரித்தறிதல்

கதவின் நாதாங்கித் துளையையும் சாவித் துவாரத்தையும் மண்ணால் அடைத்துவிடுவது குளவியே என்று பொதுவாக எண்ணப்படுகிறது. குளவிகள் அவ்வாறு செய்வது உண்மையே. ஆயினும் மண்பூசும் தேனீக்களும் அதே இடங்களைத் தேர்ந்துகொள்கின்றன. அடைப்பைப் பெயர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும். உள்ளே மயங்கிக் கிடக்கும் பச்சைப் புழுக்களோ சிலந்திகளோ இருந்தால் அது குளவியின் கூடு. மஞ்சள் நிறமான மகரந்த உருண்டை இருந்தால் அது தேனீயின் கூடு. குளவி தன் மக்களுக்கு ஊன் உணவு அளிப்பது. தேனீ மரக்கறி உணவையே அளிப்பது. தேனீயின் உடல் மயிரடர்ந்ததாயும், பின்னங்காலிலோ வயிற்றின் அடிப்புறத்திலோ மகரந்தம் ஏந்தும் மயிர்த்தொகுதி உடையதாயும் இருக்கும். குளவியும் பயிர்ப்புழுக்களை வேட்டையாடும் நண்பனேயாதலால் அதனையும் அழிக்க வேண்டியதில்லை என்பது வேறு செய்தி.

நம் நிலங்களில் காணும் இனங்கள்

தேனீக்களைப் பூச்சி சாஸ்திர நிபுணர்கள் ஏழு குடும்பங்களாக வகுத்துள்ளனர். அவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே உரியது. மற்ற ஆறும் இந்தியாவில் உண்டு. இந்நாட்டுத் தேனீக்களையும் குளவிகளையும் தொகுத்து விவரித்த பிங்காம் என்பாரின் நூல் 1897-இல் வெளிவந்தது. அதன் பின் பல பெயர்கள் மாறியும் பல இனங்கள் புதிதாகச் சேர்ந்தும் உள்ளன எனினும், ஆராய்ச்சியாளர் இன்றும் அதனை எடுத்துப் பார்க்கின்றனர். இங்கு வயலிலும் வீட்டிலும் எளிதில் காணத்தக்க சில வகைகளை மட்டும் கூறுவோம்.

முதலாவது, கருவண்டு என்று கிராமங்களில் வழங்கும் மரந்துளைக்கும் தேனீ. பளபளக்கும் கரிய உடலும், வெயிலில் நீலமும் ஊதாவும் தோன்றும் சிறகுகளும் உடையது. ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்வதும் உண்டு. சில இனங்களில் பெண்ணின் மார்பு மஞ்சள் மயிரால் போர்த்தப்பட்டும் ஆண் முழுவதும் மஞ்சளாகவும் இருக்கும்; இரண்டையும் வெவ்வேறு பூச்சிகளென எண்ணுவோர் பலர். காய்ந்த மூங்கில், பந்தற்கால், பழைய உத்திரம் ஆகியவற்றில் விரல் நுழையும் அளவான வட்டத் துளை இட்டு உள்ளே மரத்தூளைக் கொண்டு அறை வகுக்கின்றது. மரத்தை இது தின்பதில்லை. கறையான்போல் உளுக்கச் செய்வதும் இல்லை. வீட்டு மரத்துக்கு எண்ணெயோ வர்ணமோ பூசிவிட்டால் பெரும்பாலும் அதனை விட்டு விலகிவிடும்.

இவ்வகையில் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய இனம் ஒன்று உண்டு. டென்மார்க்குத் தேசத்தாரின் குடியேற்றமாக 1620 முதல் 1845 வரை இருந்த தரங்கம்பாடியின் பெயரால், பாப்ரீசியஸ் என்ற பூச்சி சாஸ்திரி 1804-இல் இதற்கு டிரங்குபாரிகா என்று பெயர் இட்டார். தேனீக்கள் பகலில் மட்டுமே தொழில் செய்வன என்ற பொது விதிக்கு இது விலக்கு. நிலவில்லாத இரவிலும் பறந்து பூக்களை நாடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் இதனை ஆராய்ந்தவர்கள், விண்மீன் ஒளியளவான மங்கலிலும் இது நிறங்களைப் பிரித்தறிகின்றது என்று 2008-இல் வெளியிட்டனர். மனிதக் கண்ணுக்கு அவ்வொளியில் நிறம் எதுவும் புலப்படாது.

இரண்டாவது, நீலவரித் தேனீ. அடுக்குத்தேனீயை விடச் சற்றுப் பருத்தது. கரிய வயிற்றில் ஒளிரும் நீல வரிகள் குறுக்கே ஓடும். துளசி முதலிய செடிகளில் உரத்த ரீங்காரத்துடன் ஒரு பூவினின்றும் மறுபூவுக்கு அம்புபோல் பாய்வதைக் காணலாம். இது மண்சுவரிலும் மேட்டுக் கரையிலும் வளை தோண்டும். ஒவ்வொரு பெண்ணும் தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும் எனினும், ஏற்ற சுவர் ஒன்று கிடைத்துவிட்டால் பல பெண்கள் அடுத்தடுத்துக் குடியேறுவது வழக்கம். அந்திப்பொழுதில் இதன் ஆண்கள் ஒரே குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கி உறங்கும் காட்சி வேலியோரங்களில் அரிதன்று. மண்சுவர் வீடுகள் மறைந்து சிமெண்டுச் சுவர்கள் பெருகியதில் இத்தேனீ இழந்த இருப்பிடம் சிறிதன்று.

மூன்றாவது, இலை வெட்டும் தேனீ. ரோஜா, துவரை முதலியவற்றின் இலை விளிம்பில் பிறைவடிவாகவும் வட்டமாகவும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் துண்டு எடுத்திருந்தால் அது இதன் வேலை. புழு தின்ற இலை கந்தலாயிருக்கும். இது வெட்டிய இலை ஒழுங்காயிருக்கும். அத்துண்டுகளைச் சுருட்டிக் கிண்ணம்போல் அமைத்து அதனுள் முட்டை இடுகிறது. வயிற்றின் அடிப்புறம் மகரந்தத்தால் மஞ்சளாகத் தோன்றுவது இதன் அடையாளம். பழைய பூச்சி நூல்கள் சிலவற்றில் இது தீங்குப்பூச்சிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது பொருத்தமன்று. சில இலை ஓரங்கள் போவதால் செடிக்கு நேரும் நஷ்டம் மிகச் சொற்பம். இதே பேரினத்தைச் சார்ந்த வேறு சில, இலைக்குப் பதிலாக மண்ணையோ மரப்பிசினையோ கொண்டு அறை கட்டுகின்றன. மேலே கூறிய சாவித் துவாரத்துத் தேனீ அவ்வகையினது.

நான்காவது, நிலத்தில் வாழும் சிறு தேனீக்கள். கொசுவினும் சற்றே பெரியவை முதல் அடுக்குத்தேனீ அளவுள்ளவை வரை இவற்றில் பல இனங்கள் உண்டு. வியர்வையின் உப்பை நாடிக் கையில் வந்து அமர்வதால் சில நாடுகளில் வியர்வைத் தேனீ என்பர். வரப்பு, நடைபாதை ஓரம், களத்துமேடு ஆகியவற்றில் இறுகிய வெற்று நிலத்தில் வளை தோண்டும். வளையின் வாயிலைச் சுற்றிப் பொடிமண் சிறு குவியலாய் இருக்கும். எறும்புப் புற்றிலிருந்து இதனை வேறுபடுத்த, காலை வெயில் ஏறிய பின் சிறிது நேரம் நின்று கவனித்தால் போதும். கொத்தமல்லி, வெங்காயம், எள் முதலியவற்றின் பூக்களில் இவற்றைக் காணலாம்.

ஐந்தாவது, மெத்தென்ற நடுத்தண்டுள்ள செடிகளின் ஒடிந்த காய்ந்த குச்சிகளில் வாழும் மிகச் சிறிய தச்சுத் தேனீக்கள். மயிற்கொன்றை, உண்ணிச்செடி முதலியவற்றின் முறிந்த கிளைகளில் இவற்றின் வாயில் தெரியும்.

இவற்றோடு குயிலின் இயல்புடைய தேனீக்களும் உள. கரிய உடலில் நீலப் புள்ளிகள் பளிச்சிடும் ஒரு தேனீ, நீலவரித் தேனீயின் வளையருகே பதுங்கித் திரிந்து, அது வெளிச்சென்ற சமயம் உட்புகுந்து தன் முட்டையை இட்டுவிடும். இலை வெட்டும் தேனீக்கும் இவ்வாறே கூர்வயிற்றுத் தேனீ ஒன்று உண்டு. இத்திருட்டுத் தேனீக்கள் தென்படுமிடத்தில் இல்லத்துக்குரிய தேனீக்களும் செழித்துள்ளன என்று கொள்ளலாம்.

எங்கு மிகுதி, எங்குக் குறைவு

மரமும் பறவையும் பட்டாம்பூச்சியும் வெப்பமும் மழையும் மிகுந்த காடுகளிலேயே மிகுதியாய் இருப்பவை. தேனீயும் அவ்வாறே இருக்கும் என எவரும் எண்ணுவர். ஆனால் உண்மை வேறு. சீனம், சிங்கப்பூர் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் உலகெங்குமிருந்து கிடைத்த 50 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை, முன்னரே தொகுக்கப்பட்டிருந்த இனப்பட்டியலுடன் ஒப்பிட்டு 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அதன்படி, தேனீ இனங்கள் மிகுந்திருப்பது பூமத்திய ரேகையை ஒட்டிய மழைக்காடுகளில் அன்று. அதற்கு வடக்கிலும் தெற்கிலும் விலகியுள்ள வறண்ட, மரம் அடராத பிரதேசங்களிலேயாம். தென்பாதியை விட வடபாதியில் இனங்கள் அதிகம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ 4,000 இனங்கள் உள்ளன. அந்நாட்டின் யூட்டா மாகாணத்தில் ஒரு பாலைப் பூமியில் மட்டும் 660 இனங்கள் சேகரிக்கப்பட்ட விவரம் 2018-இல் வெளியாயிற்று. ஈரமும் குளிரும் மிகுந்த பிரிட்டனிலோ ஏறத்தாழ 270. இலங்கையில் ஏறத்தாழ 150.

இதற்குக் காரணம் என்ன? ஈரம் மிகுந்த நிலத்தில் வளையினுள் வைத்த மகரந்த உருண்டை பூஞ்சணம் பிடித்துக் கெடுகிறது. வெள்ளத்தில் புழு மடிகிறது. வறண்ட நிலத்தில் அந்த அபாயம் குறைவு. மேலும், வறட்சிப் பிரதேசங்களில் மழைக்குப் பின் சில வாரங்களே பூக்கள் மிகுந்திருக்கும். அடை கட்டி வாழும் பெருங்கூட்டத்துக்கு ஆண்டு முழுதும் உணவு வேண்டும். தனித் தேனீயோ பூவற்ற மாதங்களை மண்ணுக்குள் உறங்கிக் கழித்து, பூக்கும் சமயம் பார்த்து வெளிவரும். சில இனங்களின் புழுக்கள் மழை பொய்த்த ஆண்டில் வெளிவராமல் மறு ஆண்டு வரை காத்திருப்பதும் உண்டு. ஆண்டு முழுதும் பூக்கும் உஷ்ணக் காடுகளிலோ கூட்டமாக வாழும் தேனீக்களே பெரும்பகுதிப் பூக்களைக் கைக்கொண்டுவிடுகின்றன.

இவ்விதியை நோக்குமிடத்து, நீர் தேங்கி நிற்கும் நஞ்சையை விட மானாவாரிப் புஞ்சையும், மேய்ச்சல் மேடும், செம்மண் கரடும் நிலத்தில் வளை தோண்டும் தேனீக்களுக்கு உகந்தவை என்பது விளங்கும். மணலும் களியும் அளவாகக் கலந்த, நீர் வடியும், புல் அடராத மண் பெரும்பாலான இனங்களுக்கு ஏற்றது. நஞ்சைப் பகுதியில் அவற்றுக்கு எஞ்சியிருப்பவை உயர்ந்த வரப்பும், வாய்க்கால் கரையும், குளக்கரையுமேயாம். புஞ்சைக்குப் பயன் என்று எவரும் கருதாத தரிசுத் துண்டு, இவ்வகையில் அடுத்த வயலின் காய்ப்பிடிப்புக்கு ஒரு மூலதனம் ஆகிறது. சிறு தேனீக்கள் தம் கூட்டினின்றும் 200 அல்லது 300 மீட்டருக்கு அப்பால் செல்வது அரிது. கருவண்டு போன்ற பெரியவை சில கிலோமீட்டர் தூரம் செல்லும். எனவே, ஊரின் ஓர் எல்லையில் கரடு இருப்பதால் மறு எல்லையிலுள்ள தோட்டத்துக்கு நன்மை விளைந்துவிடாது.

பயிர்களுக்கு ஆகும் உதவி

கத்தரியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் மகரந்தப்பைகள் மற்றப் பூக்களில் போல் நீளவாக்கில் வெடிப்பதில்லை. உப்புக் குப்பியின் மூடிபோல் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே மகரந்தம் வெளிப்படும். அதனை வெளிக்கொணரப் பூவை அதிரச் செய்தல் வேண்டும். நீலவரித் தேனீயும், கருவண்டும், நிலத்தில் வாழும் பச்சைவரித் தேனீ ஒன்றும் பூவைக் கவ்விப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் மார்புத் தசைகளை மட்டும் வேகமாகத் துடிக்கச் செய்கின்றன. அவ்வதிர்ச்சியில் மகரந்தம் தூளாகக் கொட்டுகிறது. அடுக்குத்தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் இவ்வித்தை தெரியாது. ஆகவே, கத்தரித் தோட்டத்தில் காய்ப்பிடிப்புக் குறைந்தால் தேன்பெட்டி கொண்டுவந்து வைப்பது நோய்க்குத் தக்க மருந்தன்று. கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது, காற்றும் சிறிது உதவும் என்பது உண்மை. எனினும் இத்தேனீக்கள் வந்து சென்ற பூக்களில் காய்ப்பிடிப்பும் விதைத்திரட்சியும் மேம்படுகின்றன. குட்டைச் சூல்தண்டுள்ள பூக்கள் பெரும்பாலும் இயற்கையாகவே உதிர்வன. அக்குறையைத் தேனீக்களின் மேல் சுமத்தலாகாது. தக்காளிக்கும் இம்முறையே பொருந்தும்.

பசுந்தாள் உரத்துக்கு விதை எடுக்கச் சணப்பு பயிரிடுவோர் செடி செழித்தும் காய் குறைந்ததெனக் குறைகூறுவது உண்டு. சணப்பின் சூல்முடியை ஒரு பெரிய தேனீ தன் உடலால் அழுத்தி உரசினாலன்றி அது கருவுறுதல் அரிது. அதன் கீழிதழ்களைப் பிரித்துத் திறக்கக் கருவண்டுக்கும் பெரிய இலை வெட்டும் தேனீக்கும் வலிமை உண்டு. சிறு தேனீக்களுக்கு இல்லை. விதைச் சணப்பு வயலின் ஓரத்தில் பழைய மூங்கிற் கட்டைகள் கிடப்பது எத்துணை நன்மை என்பது இதனால் விளங்கும்.

துவரைப் பூ மலருமுன்னரே மொட்டினுள் மகரந்தம் சிந்திவிடுவதால் அது தானே காய்க்கும். ஆயினும் இலை வெட்டும் தேனீயும் அதன் சுற்றத்தாரும் அப்பூவை மிக விரும்புவதால் அயல் மகரந்தமும் கணிசமாகக் கலக்கின்றது. இதில் நன்மையும் உண்டு, எச்சரிக்கைக்கு இடமும் உண்டு. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தார் ஆண்மலட்டுத் துவரையைக் கொண்டு வீரிய ஒட்டு இரகங்களை உண்டாக்கியபோது, மகரந்தத்தைச் சுமந்து செல்ல மனிதக் கை தேவைப்படவில்லை. தேனீக்களே அவ்வேலையைச் செய்தன. அதே காரணத்தால், தன் வயலில் விதை எடுக்கும் குடியானவர் அண்டை வயலில் வேறு இரகம் பூத்திருக்குமாயின் தம் விதை கலந்துபோகும் என்பதை உணர்தல் வேண்டும்.

பரங்கிக்காயின் வரலாறு சுவையானது. பெயரே காட்டுவதுபோல் அது கடல் கடந்து வந்த கொடி. அமெரிக்கக் கண்டமே அதன் தாயகம். அங்கு அதற்கென்றே அமைந்த தனித் தேனீக்கள் கொடியின் அடியிலேயே வளை தோண்டி, விடியலில் பூ விரியும் வேளைக்குத் தவறாது வருகின்றன. கொடி இங்கு வந்தது; அதன் தேனீ வரவில்லை. இந்நாட்டுத் தேனீக்களே அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. பரங்கிப்பூ முற்பகலிலேயே வாடிவிடும் ஆதலின், காலையில் மருந்து தெளிப்பவர் அந்நாளின் காய்ப்பிடிப்பை முற்றிலும் இழக்கின்றனர்.

குதிரைமசால் விதைக்காக அமெரிக்காவில் செய்யப்பட்ட ஏற்பாடு குறிப்பிடத் தக்கது. அதன் பூவைத் தேனீ தொட்டவுடன் உள்ளிருக்கும் தண்டு விசைபோல் தெறித்துத் தேனீயின் தலையில் அடிக்கும். பெட்டித் தேனீ ஓரிருமுறை அடிபட்ட பின் பக்கவாட்டில் நாக்கை நுழைத்துத் தேனைத் திருடக் கற்றுக்கொண்டுவிடும். பூவோ கருவுறாமல் போய்விடும். களர் நிலத்தில் வளை தோண்டும் ஒரு தனித் தேனீ அவ்வடியைப் பொருட்படுத்துவதில்லை. எனவே வாஷிங்டன் மாகாணத்துக் குடியானவர்கள் பல பத்தாண்டுகளாக, வயல்களுக்கிடையே உப்புப் பூத்த நிலத்துண்டுகளைத் தேனீக்கென்றே விட்டுவைத்து, அடியில் குழாய் பதித்து ஈரம் ஊட்டி, மேலே உப்புத் தூவிப் பாதுகாத்து வருகின்றனர். தேனீ பறக்கும் பருவத்தில் வண்டிகள் மெதுவாகச் செல்லவேண்டுமென்று சாலையில் பலகையும் நாட்டியுள்ளனர். பணப்பயிரை நம்பி வாழ்வோர் இலாபம் இல்லாத காரியத்தில் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளார்.

அழிவும் அதனைத் தடுத்தலும்

நிலத்திலுள்ள அறைகள் பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள் இருப்பதால், ஆழ உழும் கலப்பையும் சுழற்கலப்பையும் அவற்றை அடியோடு புரட்டிவிடுகின்றன. வயலின் நடுவில் இதனைத் தவிர்க்க இயலாது. ஆனால் இரண்டடி நிலத்துக்கு ஆசைப்பட்டு வரப்பைச் சுரண்டிக் கத்திபோல் ஆக்குவதும், வரப்பு முழுவதும் களைக்கொல்லி தெளிப்பதும், கோடையில் கரைப் புதரைத் தீயிடுவதும் தவிர்க்கக் கூடியவையே.

மருந்துகளில் கவலை தருவது, விதையிலும் மண்ணிலும் இட்டுச் செடியின் சாற்றோடு கலக்கச் செய்யும் வகை. கனடா தேசத்தின் ஒன்டாரியோவில் பரங்கித் தேனீக்களைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட சோதனையில், இமிடாகுளோப்ரிட் மண்ணில் இடப்பட்ட கொடிகளிடையே தேனீக்கள் தோண்டிய வளைகள் 85 சதவிகிதமும், அவற்றின் சந்ததி 89 சதவிகிதமும் குறைந்தன. தேனீ உயிருடன் இருந்தது. வளை மட்டும் தோண்டவில்லை. செத்த தேனீ கண்ணிற்படாததால் மருந்து தீங்கற்றது என முடிவு செய்வது எத்துணைத் தவறு என்பதற்கு இதுவே சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தார் இவ்வகை மருந்துகள் மூன்றினைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதை 2018-இல் தடுத்துவிட்டனர். நம் நாட்டில் இவ்வகை மருந்து இடுபவர், பூச்சியின் அளவு கண்டு அவசியமானால் மட்டும் இடுவதும், பூக்கும் காலத்தில் நிறுத்துவதும், தெளிப்பு மருந்தை மாலையில் பூக்கள் மூடிய பின் தெளிப்பதும் குறைந்தபட்சக் கடமையாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. குளக்கரை, வாய்க்கால் கரை, புறம்போக்கு மேடு ஆகியவற்றைத் துப்புரவு செய்யும் பொது வேலைகளில், கரை முழுவதையும் ஒரே சமயத்தில் சுரண்டாமல், ஒரு பகுதியை ஓர் ஆண்டும் மறு பகுதியை அடுத்த ஆண்டும் செய்தல் நலம். வளைகள் நெருங்கிய வெற்று மேடு தென்பட்டால் அங்கிருந்து மண் எடுக்க அனுமதித்தல் கூடாது. கரையில் பூக்கும் தும்பை, துளசி, ஆவாரை முதலியவை களையென்று கருதப்படினும், வயலில் பூ இல்லாத மாதங்களில் தேனீக்களுக்கு அவையே ஆதாரம்.

தண்டில் வாழும் தேனீக்களுக்குச் செலவின்றிக் கூடு அமைத்துத் தரலாம். ஒரு பக்கம் கணு இருக்குமாறு நறுக்கிய சிறு மூங்கிலையும் நாணலையும் அரை அடி நீளத் துண்டுகளாக்க வேண்டும். உட்துளை 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் இருத்தல் நலம். கருவண்டு தானே துளைத்துக்கொள்ளுமாதலின் அதற்குப் பருத்த காய்ந்த மூங்கில் ஒன்றைப் பக்கத்தில் கட்டினால் போதும். துண்டுகளைக் கட்டாகக் கட்டிப் பழைய தகரக் குப்பியில் செருகி, மழை நனையாத இறவாணத்தின் கீழ் நான்கைந்து அடி உயரத்தில் கிழக்கு நோக்கி அசையாமல் பொருத்த வேண்டும். தாங்கும் காலில் மசகு தடவினால் எறும்பு ஏறாது. வாயில் மண்ணாலோ இலையாலோ அடைபட்ட துண்டுகளைப் பிரித்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒட்டுண்ணியும் பூஞ்சணமும் சேராதிருக்க இரண்டாண்டுக்கு ஒருமுறை துண்டுகளை மாற்றலாம். ஆனால் அடைப்பு உடைந்து தேனீக்கள் வெளியேறிவிட்டன என்று தெரிந்த பின்னரே பழையவற்றை அடுப்பிலிட வேண்டும்.